மீன்களோடு வாழும் பவளங்களுக்கு உணவூட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தொட்டியின் விளக்குகள் அணைந்து ஒரு மணி நேரம் ஆகட்டும். சிறிய டார்ச் ஒன்றின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி, வெளிச்சம் நேராக விழாமல் பக்கவாட்டில் படும்படி பிடித்துப் பாருங்கள். பகல் முழுவதும் கசக்கிப் போட்ட வெல்வெட் துணியைப் போல் மணலில் கிடந்த மூளைப் பவளம் இப்போது வேறு உருவத்தில் இருக்கும். மடிப்புகளின் உள்விளிம்பில் கண்ணாடி இழை போன்ற உணர்நீட்சிகள் வரிசையாக எழுந்து நிற்கும். நடுவே கீற்றாக ஒரு வாய். மிதந்து வரும் துகள் ஒன்று ஓர் இழையில் பட்டதும், அந்த இழை துகளோடு வாயை நோக்கி வளையும். பக்கத்து இழைகளும் அதே திசையில் சாயும்.

உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர் மீனுக்கு வேளை தவறாமல் உணவு போடுகிறார்கள். பவளத்துக்கு விளக்கு போதும் என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் பவள உணவுத் தூளை நாள்தோறும் கொட்டித் தண்ணீரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரு சாராரும் செய்யாதது ஒன்றுதான்: பவளம் உண்பதை உட்கார்ந்து பார்ப்பது. எப்போது பசிக்கிறது, எவ்வளவு பெரிய கவளம் இறங்கும், எப்போது போதும் என்பதையெல்லாம் அது தன் உடலாலேயே காட்டுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் மீதிக் காரியங்கள் எளிது.

ஒரே வாசல் உள்ள வயிறு

பவளம் ஒரு விலங்கு. ஜெல்லிமீனுக்கும் கடற்சாமந்திக்கும் உறவு. அதன் உடலின் ஒவ்வோர் அலகும் பாலிப் எனப்படும். ஒரு பாலிப்பை, அடிப்பக்கம் மூடிய சிறு பையாக நினைத்துக்கொள்ளலாம். மேலே வாய், வாயைச் சுற்றி உணர்நீட்சிகள். உணவு உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான். இதை நினைவில் வைத்திருங்கள். பிற்பாடு, பவளம் எதையோ துப்புகிறதே என்று பதறும்போது உதவும்.

இரை பிடிக்க அதற்குப் பல வழிகள் உண்டு. உணர்நீட்சிகளில் நிறைந்துள்ள கொட்டும் செல்கள் தொட்ட மாத்திரத்தில் நுண்ணிய ஊசிகளை எய்து இரையை அசையவிடாமல் செய்கின்றன. உடல் முழுவதும் சுரக்கும் சளியில் சிறு துகள்கள் ஒட்டிக்கொள்ள, கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அந்தச் சளிப் படலத்தை வாய்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போகின்றன. வயிற்றுக்குள் இருக்கும் செரிமான இழைகளையே வெளியே நீட்டி, இரையை வெளியிலேயே செரித்துக்கொள்ளவும் கல் பவளங்களால் முடியும். தண்ணீரில் கரைந்துள்ள அமினோ அமிலங்களைத் தோல் வழியாக உறிஞ்சுவதும் நடக்கிறது.

அந்தக் கரைந்த அமினோ அமிலங்களுக்கு இன்னொரு பங்கும் உண்டு. பவளத்துக்குக் கண் இல்லை. உணவு அருகில் இருப்பதை இரையிலிருந்து கசியும் பொருள்களை உணர்ந்தே அறிகிறது. வாசம் முதலில் போய்ச் சேர வேண்டும், உணவு பிறகு வர வேண்டும். கீழே சொல்லப்போகும் முறை முழுவதும் இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது.

விளக்கு மட்டும் ஏன் போதாது? பெரும்பாலான பவளங்களின் திசுக்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை தயாரிப்பதில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. ஆனால் அது பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும்தான். அன்றாட ஓட்டத்துக்கான எரிபொருள். புதுத் திசு வளர நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். அவற்றில் கணிசமான பங்கு இரையிலிருந்து வருகிறது. 1928-29இல் பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர் சார்லஸ் மாரிஸ் யாங் தலைமையில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற ஆய்வுக் குழு லோ தீவுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கியது. பவளங்கள் உண்பதையும் செரிப்பதையும் யாங் அங்கே நேரில் ஆராய்ந்து, அவை ஊன் உண்ணும் உயிர்கள் என்று எழுதினார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் தொட்டிகளில் பவளம் செடியைப் போலவே நடத்தப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதல் படி: உங்கள் தொட்டியில் யார் யார்?

எல்லாப் பவளமும் ஒரே மாதிரி உண்பதில்லை. ஒரு தாளில் உங்களிடம் உள்ளவற்றின் பெயர்களை எழுதி, கீழ்க்கண்டவற்றில் எது எதற்குள் வரும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய பாலிப் கல் பவளங்களே கையால் ஊட்டுவதற்கு ஏற்றவை. மூளைப் பவளமான டிராக்கிஃபில்லியா, லோபோஃபில்லியா, அகான் என்று அழைக்கப்படும் மைக்ரோமூசா, டங்கன், கேண்டி கேன், தட்டுப் பவளமான ஃபங்கியா, ஹாமர், டார்ச் வகை யூஃபில்லியாக்கள் எல்லாம் இந்தக் குடும்பம். இவற்றிலும் பழக்கம் மாறும். டங்கனும் யூஃபில்லியாவும் பகலிலேயே உணர்நீட்சிகளை விரித்திருக்கும். மூளைப் பவளமும் லோபோஃபில்லியாவும் பெரும்பாலும் இருட்டிய பின்தான் நீட்டும். குமிழிப் பவளம் பகலில் திராட்சைக் குலை போன்ற குமிழிகளை ஊதி வைத்திருக்கும். உண்ணும் இழைகள் இரவில் வெளிப்படும். கடலில் மிதவை உயிரிகள் இரவில் மேலெழுந்து வருவதால், காத்திருந்து பிடிக்கும் உயிருக்கு இருட்டுதான் வேட்டை நேரம். தட்டுப் பவளத்தின் வாய் வலிமையானது. 2009இல் செங்கடலில் ஐலாட் அருகே ஒரு தட்டுப் பவள இனம் முழு ஜெல்லிமீன்களையே விழுங்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கோனியோபோராவை இந்தப் பட்டியலில் சேர்த்து ஏமாறாதீர்கள். பூப்போல நீண்ட தண்டுகள் இருந்தாலும் அதன் வாய் மிகச் சிறியது. மைசிஸ் எனப்படும் சிறு இறால் போன்ற உயிரைக் கொடுத்தால் பிடித்து வைத்திருந்து பிறகு விட்டுவிடும். அதற்கு நுண்ணிய உணவே பொருந்தும்.

அக்ரோபோரா, மான்டிபோரா, பொசில்லோபோரா போன்ற சிறிய பாலிப் கல் பவளங்களுக்குத் தனித்தனியே ஊட்ட முடியாது, ஊட்டவும் வேண்டாம். மீன்களின் கழிவுத் துகள், நுண்ணுயிரிகள், நீரில் மிதக்கும் நுண்ணிய உணவு ஆகியவற்றை அவை தாமாகவே பிடித்துக்கொள்ளும்.

மென்பவளங்களில் தோல் பவளமும் சீனியாவும் பிழைப்பது பெரும்பாலும் ஒளியால்தான். சீனியா கை விரித்து மூடுவதைப் பார்த்து அது உணவை அள்ளுகிறது என்று எண்ணத் தோன்றும். 2013இல் வெளிவந்த ஆய்வு வேறு விளக்கம் தந்தது: அந்தத் துடிப்பு திசுவைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜனை அகற்றி, உள்ளிருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கையைக் கூட்டுகிறது. ஜோவாந்தஸ் வகைகளில் சில உணவை வாங்கிக்கொள்ளும், பல கண்டுகொள்ளாது. அவற்றின் நெருங்கிய உறவான பாலித்தோவாவில் கொடிய நஞ்சு இருக்கக்கூடும் என்பதால், இந்த இரு வகையையும் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். காளான் பவளங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கை: யானைக்காது எனப்படும் ஆம்பிளெக்ஸிடிஸ்கஸ் தன் தட்டை மெல்லச் சுருக்குப் பைபோல் மூடி, உள்ளே தங்கிய சிறு மீனையே விழுங்கிவிடும். அதன் அருகே கோபி போன்ற அடித்தள மீன்களை வைத்திருப்பவர் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, பாசியே இல்லாத பவளங்கள். ஆரஞ்சு நிறச் சூரியப் பவளமான டியூபாஸ்ட்ரியா இதில் முதன்மையானது. ஊட்டாவிட்டால் அது பட்டினியால் சாகும். அதைப் பற்றித் தனியே சொல்கிறேன்.

இரண்டாம் படி: மீன் கொடுப்பதையும் பறிப்பதையும் கணக்கிடுங்கள்

மீன் உள்ள தொட்டியில் பவளம் ஏற்கெனவே ஓரளவு உண்டுகொண்டிருக்கிறது. மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது; பவளத்தின் உள்ளிருக்கும் பாசி அதை எடுத்துக்கொள்கிறது. மீனின் கழிவுத் துகள்களைப் பவளம் நேரடியாகவே பிடித்து உண்பதுண்டு. கரீபியக் கடலில் பகலில் பவளக் கிளைகளின் மேல் கூட்டமாக ஓய்வெடுக்கும் கிரன்ட் மீன்களை ஆராய்ந்தவர்கள், மீன் தங்கும் பவளங்கள் மீன் தங்காதவற்றைவிட வேகமாக வளர்ந்ததை 1983இல் வெளியிட்டார்கள். வீட்டுத் தொட்டியிலும் இதே வழியில்தான் சத்து போய்ச் சேர்கிறது. ஏந்தியாஸ் போல நாளுக்குப் பல முறை சிறுகச் சிறுக உண்ணும் மீன்கள் உள்ள தொட்டியில் சிறிய பாலிப் பவளங்கள் தனி உணவு இல்லாமலே நிறம் பிடித்து வளர்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நல்ல மீன் உணவை நன்றாகப் போடுவதே பவள ஊட்டத்தின் முதல் பாதி.

பறிக்கும் பக்கமும் உண்டு. முதல் எதிரி மீன்கூட அல்ல, கிளீனர் இறால். என் அகான் பவளத்துக்கு முதன்முதலாக ஊட்டிய இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது. பாலிப் மைசிஸைப் பற்றி, விளிம்பைக் குவித்து, பாதியை விழுங்கியும்விட்டது. கல்லின் மேலிருந்து இறங்கி வந்த இறால் அதன் மேல் ஏறி நின்று, முன்காலை வாய்க்குள்ளேயே விட்டு, உணவை வெளியே இழுத்துக்கொண்டு போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை அன்று கண்ணெதிரே கண்டேன். உணவு போனது பெரிதில்லை. அந்த இழுப்பில் பாலிப்பின் வாய் விளிம்பு கிழிந்து, ஆறுவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. பெப்பர்மின்ட் இறால், துறவி நண்டு, துறுதுறுவென்று திரியும் ராஸ் மீன்கள் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

கோமாளி மீனின் கதை வேறு. தான் தங்கும் கடற்சாமந்திக்கு அது பெரிய உணவுத் துண்டைக் கவ்விக் கொண்டுபோய்க் கொடுப்பதுண்டு. யூஃபில்லியாவில் குடியேறிய கோமாளி மீனும் இப்படிச் செய்வதைக் காணலாம். ஆனால் அளவு தெரியாமல் திணிக்கும், ஓயாமல் உரசும். சிறிய டார்ச் பவளம் அந்த உரசலைத் தாங்காமல் சுருங்கினால் இடம் மாற்றுங்கள்.

பவளத்தின் சதையையே கொத்தும் வண்ணத்துப்பூச்சி மீன், பெரிய ஏஞ்சல் மீன், பேத்தை மீன் வகைகளைப் பவளத் தொட்டியில் விடாமலிருப்பதே நல்லது. சில தனி மீன்கள் ஒழுங்காக இருப்பதுண்டு. அதை நம்பி விலைமதிப்புள்ள பவளத்தை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் படி: ஒரு வாரம் வெறுமனே பாருங்கள்

உணவு வாங்குவதற்கு முன் ஏழு இரவுகள் ஒதுக்குங்கள். விளக்கு மங்கும் நேரத்தில் ஒருமுறை, அணைந்து ஒரு மணி நேரத்தில் ஒருமுறை. எந்தப் பவளம் எப்போது இழை நீட்டுகிறது, எது மீன் உணவு போட்ட சில நிமிடங்களிலேயே விரிகிறது, எதன் மேல் இறால் உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில நாளில் ஓர் ஒழுங்கு தென்படும். மீனுக்கு வழக்கமாக உணவு போடும் நேரத்துக்குச் சற்று முன்பே டங்கன் விரியத் தொடங்குவதைக்கூடக் காணலாம்.

இந்த வாரத்தில் பசி நீட்டலையும் சண்டை நீட்டலையும் பிரித்தறியப் பழகுங்கள். உண்ணும் இழைகள் வாயைச் சுற்றி ஏறக்குறைய ஒரே நீளத்தில் வட்டமாக நிற்கும். கேலக்சியா, ஃபேவியா, யூஃபில்லியா போன்றவை சில சமயம் ஓரிரண்டு இழைகளை மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு நீளமாக நீரோட்டத்தில் வீசும். அவை பக்கத்துப் பவளத்தைச் சுட்டு இடம் பிடிக்கும் ஆயுதங்கள். அதைக் கண்டால் உணவைத் தேட வேண்டாம், இடைவெளியைக் கூட்டுங்கள்.

புதிதாக வாங்கி வந்த பவளத்துக்கும் இந்த ஒரு வாரப் பொறுமை தேவை. பயணத்தில் நலிந்த உயிர் ஒளிக்கும் நீரோட்டத்துக்கும் பழகி, முழுதாக உப்பி நின்ற பிறகுதான் உணவு.

நான்காம் படி: வாய்க்கு ஏற்ற கவளம்

உணவைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் போதும்: வாயைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது. பவளத்தின் வாய் விரியும், பெரிய துண்டையும் விழுங்க முயலும். விழுங்கியதைச் செரிப்பதற்குள் அது உள்ளேயே அழுகத் தொடங்கினால் பாதியில் வெளியே தள்ளிவிடும். பிடிக்கவும் தள்ளவும் செலவிட்ட ஆற்றல் வீண்.

உறைய வைத்த மைசிஸ் இறால் சுமார் 1 செ.மீ. நீளம் இருக்கும். மூளைப் பவளம், லோபோஃபில்லியா, தட்டுப் பவளம், டங்கன் ஆகியவற்றுக்கு இதுவே சிறந்தது. அகான், கேண்டி கேன் பாலிப்களுக்கு மைசிஸை இரண்டாக நறுக்கித் தரலாம். அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா (சிறிய உப்புநீர் இறால் வகை) குஞ்சுகள் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கோப்பிபாடுகள் என்னும் சிறு மிதவை உயிரிகளும் இதே அளவுப் பக்கம் வரும். சிறிய பாலிப்களுக்கும் சின்ன வாய்க்காரர்களுக்கும் இவை. ரோட்டிஃபர் என்னும் மிதவை உயிரி இன்னும் சிறியது, 0.1 முதல் 0.3 மி.மீ. வரை, கோனியோபோராவுக்கும் அக்ரோபோராவுக்கும் ஏற்றது. வளர்ந்த ஆர்ட்டீமியாவைப் பலர் விரும்பி வாங்குகிறார்கள். சத்தேற்றப்படாத ஆர்ட்டீமியாவில் சாரம் குறைவு என்பதால் நான் அதை விரலளவுகூட நம்புவதில்லை.

பச்சை நிற மிதவைப் பாசித் திரவம் கல் பவளத்துக்கு உணவென்று விற்கப்படுவதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டென்ட்ரோநெஃப்தியா போன்ற பாசியற்ற மென்பவளங்கள் அதை உண்கின்றன என்பது 1995இல் செங்கடல் ஆய்வில் நிறுவப்பட்டது. ஆனால் அந்தப் பவளங்களுக்கு இரவும் பகலும் இடைவிடாது உணவு மிதந்து வர வேண்டும். வீட்டில் அதைச் செய்து வெற்றி பெறுவது மிகக் கடினம். அழகில் மயங்கி வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஊட்டும் இரவு

தேவையானவை: ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்ச், அதன் முனையில் பொருத்த ஒரு முழம் நீளக் கெட்டிக் குழாய், மெல்லிய வலைச் சல்லடை, இரண்டு சிறு கோப்பைகள், அடிப்பாகம் வெட்டி நீக்கிய தெளிந்த பிளாஸ்டிக் பாட்டில், கைப்பேசியில் ஓர் அலாரம்.

மைசிஸ் கட்டியில் கால்பங்கு போதும். தொட்டித் தண்ணீர் ஊற்றிய கோப்பையில் போட்டால் பத்து நிமிடத்தில் கரையும். சல்லடையில் வடித்து, வடிநீரில் ஒரு கரண்டி அளவை மட்டும் எடுத்து வையுங்கள்; மற்றதைக் கொட்டிவிடுங்கள். பாஸ்பேட் மிகுந்த நீர் அது. வடித்த மைசிஸைப் புதிய தொட்டித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள்.

முதல் பந்தி மீன்களுக்கு. விளக்குகள் மங்கத் தொடங்கியதும், ஊட்டப்போகும் பவளத்துக்கு எதிர் மூலையில் மீன்களுக்கு வழக்கமான உணவைக் கொடுங்கள். இறாலுக்கும் ஒரு துண்டு. வயிறு நிறைந்த மீன் பவளத்தை நச்சரிப்பது பாதியாகக் குறையும்.

அடுத்து, நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும், சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டியிலிருந்து நீரேற்றும் பம்ப்பையும் நிறுத்திவிட்டு, பிறகு நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை நிறுத்துங்கள். பம்ப் நின்றதும் தொட்டியிலிருந்து வழியும் நீரைச் சம்ப் கொள்ளுமா என்பதை முன்கூட்டியே ஒரு பகல் பொழுதில் சோதித்திருக்க வேண்டும். உடனே கைப்பேசியில் 30 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். நான் ஒருமுறை வைக்கவில்லை. பம்ப்பை மீண்டும் போட மறந்து உறங்கிவிட்டேன். விடியற்காலையில் ஏந்தியாஸ் ஒன்று ஆக்சிஜன் இல்லாமல் இறந்து கிடந்தது. அந்த இழப்பு உங்களுக்கு வர வேண்டாம்.

இப்போது எடுத்து வைத்த வடிநீரை சிரிஞ்சில் உறிஞ்சி, பவளத்துக்கு ஒரு கையகலம் மேலே மெதுவாக விடுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஐந்து நிமிடம், சிலவற்றுக்குப் பத்து நிமிடம். முதலில் திசு லேசாக உப்பும். இழைகளின் நுனி எட்டிப் பார்க்கும். நடுவிலுள்ள வாய் கோடாக இருந்தது மெல்ல நீள்வட்டமாகும். இந்த மூன்றும் நடக்காவிட்டால் அன்று அந்தப் பவளத்துக்கு உணவு இல்லை. மூடிய பாலிப்பின் மேல் மைசிஸை வைத்து அழுத்துவதால் எதுவும் நடக்கப்போவதில்லை; அழுகல்தான் மிஞ்சும்.

வாய் திறந்தவற்றுக்கு, இரண்டு மூன்று செ.மீ. உயரத்திலிருந்து ஓரிரு மைசிஸ் விழும்படி சிரிஞ்சை நோகாமல் அழுத்துங்கள். பீய்ச்சினால் இழைகள் பயந்து சுருங்கும். இரை இழையில் பட்டதும் ஒட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள இழைகள் மூடி, சளிப் படலம் பளபளக்கும். வாய் விரிந்து உணவு தலைப்பக்கமோ வால்பக்கமோ சரிந்து இறங்கும். டங்கன் சில நிமிடங்களில் விழுங்கிவிடும். மூளைப் பவளத்துக்கு இருபது நிமிடம்கூட ஆகலாம். அதுவரை வெட்டிய பாட்டிலை அதன் மேல் கூண்டுபோல் கவிழ்த்து வையுங்கள், மூடியைக் கழற்றிவிட்டு. அந்தக் கழுத்து வழியாகவே சிரிஞ்சை விட்டு ஊட்டவும் செய்யலாம். இறால் வெளியே சுற்றிச் சுற்றி வரும், உள்ளே வர முடியாது.

பெரிய பாலிப்கள் விழுங்கி முடித்ததும் பாட்டிலை எடுத்துவிட்டு, வேவ்மேக்கரை மட்டும் போடுங்கள். சம்ப் பம்ப் இன்னும் ஓயட்டும். வாரம் ஒருநாள் இந்த இடைவெளியில் ரோட்டிஃபரையோ கோப்பிபாடையோ சிறிதளவு நீரோட்டத்தில் கலந்துவிட்டால் சிறிய பாலிப் பவளங்களும் கோனியோபோராவும் தம் பங்கைப் பிடித்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பம்ப். ஸ்கிம்மரை இன்னும் ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் போதும். மணலில் கிடக்கும் மிச்சங்களை அதே சிரிஞ்சால் உறிஞ்சி வெளியே எடுத்துவிடுங்கள்.

பெரிய பாலிப் பவளங்களுக்கு வாரம் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போதும்.

ஆறாம் படி: மறுநாள் காலையும் அடுத்த மாதமும்

காலையில் வாயருகே பழுப்பு நிறச் சளி உருண்டை தெரியலாம். அது செரித்தபின் வரும் கழிவு, கவலை வேண்டாம். மெல்லிய பழுப்பு நூல்களாக வெளிவருவது பெரும்பாலும் வேண்டாத பாசிச் செல்கள்; அதுவும் இயல்பே. முழு மைசிஸ் அப்படியே வெளியே கிடந்தால் கவளம் பெரிது அல்லது எண்ணிக்கை அதிகம். அடுத்த முறை பாதியாக்குங்கள்.

உணவே இல்லாத நேரத்தில் வாய் அகலமாகப் பிளந்து நிற்பது பசி அல்ல, துன்பம். வெள்ளைச் செரிமான இழைகள் வாய் வழியாகவோ உடல் வழியாகவோ சிந்தி நின்றாலும் அப்படியே: உரசல், அண்டைப் பவளத்தின் தாக்குதல், உப்பு அல்லது வெப்ப மாற்றம் என ஏதோ ஒன்று நடக்கிறது. தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025-1.026, வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் என்று சரிபாருங்கள். காரணம் தெரியும்வரை ஊட்ட வேண்டாம்.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். பல வகைப் பவளங்கள் கலந்துள்ள தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால் உணவைக் குறையுங்கள். தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது ஓட்டைப் பானையில் நீர் இறைப்பது போலத்தான். இரண்டும் பூஜ்யத்தைத் தொட்டால் அதுவும் நல்ல செய்தியல்ல. பவளம் வெளிறும், டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒற்றைச் செல் உயிரிகளின் வழவழப்பான பழுப்புப் படலம் கல்லை மூடத் தொடங்கும். அப்போது மீனுக்கு ஒருவேளை கூட்டுவதே நான் முதலில் செய்வது.

வெப்பம் ஏறி, உள்ளிருந்த பாசியை இழந்து வெளிறிப்போன பவளத்துக்கு ஊட்டலாமா? 2006இல் வெளியான ஹவாய் ஆய்வில், வெளிறிய மான்டிபோரா கேப்பிடாட்டா இரை உண்பதைப் பல மடங்கு கூட்டி, அன்றாட ஆற்றல் தேவையை உணவாலேயே ஈடுகட்டியது. அதே இடத்தில் ஆராயப்பட்ட போரைட்டீஸ் இனங்களால் அது முடியவில்லை. ஆகவே வெளிறிய பவளம் இழை நீட்டினால், ஒளியைக் குறைத்துவிட்டு, சிறு கவளமாக வாரம் இரண்டு மூன்று முறை கொடுத்துப் பாருங்கள். நீட்டாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

சூரியப் பவளம்: வாய் வாயாக ஊட்ட வேண்டியது

டியூபாஸ்ட்ரியாவுக்குப் பாசி இல்லை. ஒளியால் அதற்குச் சோறு கிடையாது. ஒவ்வொரு பாலிப்புக்கும் தனித்தனியே, வாரம் குறைந்தது மூன்று முறை ஊட்ட முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். முப்பது பாலிப் என்றால் முப்பது வாய்.

கடையில் பெரும்பாலும் மூடிய நிலையில்தான் கிடைக்கும். அதைத் திறக்க வைப்பதற்கு நேர ஒழுங்கும் வடிநீரும் வேண்டும். தினமும் மாலை ஒரே நேரத்தில், பாட்டில் கூண்டைக் கவிழ்த்து, மைசிஸ் வடிநீரைச் சில துளிகள் உள்ளே விட்டுப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். என்னுடையது எட்டு நாள் அசையவே இல்லை. ஒன்பதாம் நாள் மாலை, ஓரத்திலிருந்த ஒரே ஒரு பாலிப் மட்டும் மொட்டவிழ்வதுபோல் மஞ்சள் இழைகளைக் கால்வாசி நீட்டியது. ஒரு மைசிஸின் பாதியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டது. அடுத்த நாள் நான்கு, அந்த வார இறுதிக்குள் ஏறக்குறைய முழுக் கொத்தும். பழகியபின் விளக்கு எரியும்போதே, நான் தொட்டியருகே வேலை செய்யும் நேரத்துக்கே அது விரியத் தொடங்கியது.

பாலிப்களுக்கு இடையிலுள்ள ஆரஞ்சுத் திசு மெலிந்து வெள்ளை எலும்பு தெரிகிறதா என்று வாரந்தோறும் பாருங்கள். தெரிந்தால் சில வாய்கள் விட்டுப்போகின்றன என்று பொருள். வழக்கமாக நிழல்பக்கம், சிரிஞ்ச் எட்டாத இடத்தில் இருப்பவையாகவே இருக்கும். பவளத்தைக் கல்லில் ஒட்டாமல் ஒரு சிறு தட்டில் வைத்திருந்தால், ஊட்டும்போது திருப்பி வைத்து அந்தப் பக்கத்தையும் கவனித்துக்கொள்ளலாம். நன்றாக உண்டால் சில மாதங்களில் பெரிய பாலிப்களின் அடியில் கடுகளவு புது மொட்டுகள் முளைக்கும். அவற்றின் வாய்க்கு மைசிஸ் பெரிது. ஆர்ட்டீமியா குஞ்சுகளை அன்றைக்கே பொரிக்கப் போடுங்கள்.